ஒரு கிராம் தண்ணீர்

இயற்கை எரிவாயு என்று சொன்னதும் காய்ந்துபோன ஒரு சமாச்சாரம்தான் எல்லோர் மனதிலும் வரும். சில ஊர்களில் குழாய் வழியாக வீட்டு அடுப்புக்கே வருகிறது, மின் நிலையத்தில் எரிகிறது, சி.என்.ஜி. என்ற பெயரில் ஆட்டோ ஓட்டுகிறது. (வீட்டு சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. அது வேறு, இது வேறு.) இதற்குள் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது? நெருப்புக்கும் தண்ணீருக்கும்தான் ஆகவே ஆகாதே!

ஆனால் விஷயம் அப்படி இல்லை. பூமிக்கடியில் இருந்து வரும் எரிவாயு நல்ல ஈரமாகத்தான் வருகிறது. பல லட்சம் வருடங்களாகப் பாறை இடுக்குகளில் தண்ணீரோடு ஒன்றாகக் குடித்தனம் நடத்திவிட்டு வருகிற வாயு அது. பிரிந்து வா என்றால் உடனே வந்துவிடுமா என்ன?

வாயுவோடு சேர்ந்து சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு பெரிய கலனுக்குள் வாயுவை விட்டு வேகத்தைக் குறைத்தால் கனமான தண்ணீர் கீழே தங்கிவிடும், வாயு மேலே போய்விடும். சிக்கல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரால்தான். அதாவது வாயுவுக்குள்ளேயே ஆவியாகக் கலந்திருக்கும் தண்ணீர்.

அது எவ்வளவு இருக்கும்? வளிமண்டலத்தைப் போல 70 மடங்கு அழுத்தம், 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் வாயுவில் (சாதாரண அழுத்தத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால்) ஏறத்தாழ 1 கிராம் தண்ணீர் இருக்கும். ஒரே ஒரு கிராம். இதற்கா இவ்வளவு பெரிய கட்டுரை என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு 10 லட்சம் கன மீட்டர் அனுப்பும் நிலையம் என்றால் அந்த ஒரு கிராம், தினமும் ஒரு டன் ஆகிவிடுகிறது. ஒரு வருடத்தில் 365 டன். சிறு துளி பெருவெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை.

இந்தத் தண்ணீரை எப்படி எடுக்கிறார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், அதற்கான செலவை யார் கணக்கில் எழுதுவது என்ற மூன்று கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. முதல் இரண்டும் இன்ஜினியரிங்காரர்கள் விஷயம். மூன்றாவது மட்டும் சுத்தமான காமர்ஸ். அதனால் பி.காம். மக்கள் யாரும் பாதியில் ஓடிவிட வேண்டாம் :)

அந்த ஒரு கிராம் என்ன செய்துவிடும்?

வாயு சூடாக இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகவே இருக்கும். குழாய் மண்ணுக்கடியில் போகும்போதும், ஆற்றைக் கடக்கும்போதும், கடலுக்கடியில் போகும்போதும் வாயு குளிர்கிறது. குளிரக் குளிர அது தாங்கும் ஈரத்தின் அளவு குறைகிறது. மீதித் தண்ணீர் குழாய்க்குள் துளியாக இறங்குகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

இறங்கிய தண்ணீர் இரண்டு வேலைகள் செய்யும். ஒன்று உடனே தெரியும். இன்னொன்று பல வருடம் கழித்துத் தெரியும்.

உடனே தெரிவது அடைப்பு. அதிக அழுத்தத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு கூண்டு கட்டிக்கொள்ளும். அந்தக் கூண்டுக்குள் மீத்தேன் மூலக்கூறு மாட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குப் பனிக்கட்டி மாதிரியே இருக்கும் இதற்கு ஹைட்ரேட் என்று பெயர். பனிக்கட்டி உண்டாக 0 டிகிரிக்குப் போக வேண்டும். இந்த ஹைட்ரேட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அழுத்தம் போதுமான அளவு இருந்தால் 10, 15 டிகிரியிலேயே கட்டிக்கொள்ளும்.

1930களில் அமெரிக்காவில் நீண்ட தூர எரிவாயுக் குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் உறைநிலைக்கு மேலே வெப்பம் இருக்கும்போதும் அடைத்தது. அது பனிக்கட்டி அல்ல, ஹைட்ரேட் என்று 1934இல் ஹேமர்ஷ்மிட் என்பவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. அதுவரை ஆய்வகத்து வேடிக்கைப் பொருளாக இருந்த ஹைட்ரேட் அன்றிலிருந்து கம்பெனிக்காரர்களின் தலைவலி ஆனது.

இதன் பலம் எவ்வளவு என்பதை 2010 மே மாதத்தில் உலகமே டிவியில் பார்த்தது. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்துக்குப் பிறகு, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்த இடத்தின் மேல் கிட்டத்தட்ட 100 டன் எடையுள்ள இரும்புக் கூடு ஒன்றை இறக்கினார்கள். எண்ணெயைப் பிடித்து மேலே கொண்டுவரும் திட்டம். உள்ளே ஹைட்ரேட் கட்டி வழியை அடைத்துவிட்டது. திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. வாயு, தண்ணீர், குளிர், அழுத்தம் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நடப்பது இதுதான்.

பல வருடம் கழித்துத் தெரியும் இரண்டாவது வேலை, அரிப்பு. எரிவாயுவோடு கார்பன் டை ஆக்சைடும், சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். காய்ந்த நிலையில் இவை இரும்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தண்ணீர் சேர்ந்ததும் கதை மாறிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சோடா பாட்டிலில் இருக்கும் அதே அமிலம்தான். குடித்தால் ஏப்பம் வரும். இரும்புக் குழாய்க்குள் வருடக்கணக்கில் தேங்கி நின்றால் குழாயே போய்விடும்.

ஈரத்தை உறிஞ்சும் திரவம்

தண்ணீரை எடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. உலகத்தில் அதிகம் பயன்படுவது கிளைக்கால் முறை. கிளைக்கால் என்பது சர்க்கரைப் பாகு போலக் கொஞ்சம் கெட்டியான, நிறமில்லாத திரவம். ஈரத்தைக் கண்டால் விடாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாகக் கசிந்து நிற்பது போல, இதுவும் பக்கத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கிளைக்கால் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் பலர். மூத்தவர் மோனோ எத்திலீன் கிளைக்கால், கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருப்பவர். அடுத்தவர் டை எத்திலீன் கிளைக்கால். எரிவாயுவை உலர்த்த முதலில் வந்தவர் இவர்தான். (இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளைக் கொன்றதாகச் செய்திகளில் அடிபடுபவரும் இதே ஆள்தான். தொழிற்சாலையில் இருக்க வேண்டியது மருந்து பாட்டிலுக்குள் வந்தால் அதுதான் கதி.) மூன்றாமவர் ட்ரை எத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக டி.ஈ.ஜி. இன்றைக்குப் பெரும்பாலான நிலையங்களில் ராஜ்ஜியம் இவருடையது.

டி.ஈ.ஜி.க்கு ஏன் இந்த மரியாதை? அண்ணன்களைவிட அதிக சூட்டைத் தாங்குவார் என்பதுதான் காரணம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். டி.ஈ.ஜி. கொதிக்க 285 டிகிரிக்கு மேல் வேண்டும். நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், இரண்டும் கலந்த கலவையைச் சூடாக்கினால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். உறிஞ்சிய ஈரத்தைத் திருப்பிக் கக்க வைத்து, அதே திரவத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுமார் 206 டிகிரியைத் தாண்டினால் டி.ஈ.ஜி. சிதைய ஆரம்பித்துவிடும். அதனால் 204 டிகிரியோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லை மிகவும் நெருக்கம். பாகு பதம் மாதிரி. ஒரு நிமிடம் கவனம் தப்பினால் கருகிவிடும்.

சுற்றிச் சுற்றி வரும் கிளைக்கால்

நிலையத்தின் நடுவில் உயரமான கோபுரம் ஒன்று இருக்கும். காண்டாக்டர் என்று பெயர். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஈரமான வாயு கீழிருந்து மேலே போகும். சுத்தமான கிளைக்கால் மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கும். வழியில் இருவரும் சந்திக்கிறார்கள். வாயு தன் ஈரத்தைக் கிளைக்காலிடம் கொடுத்துவிட்டு மேலே காய்ந்து வெளியேறுகிறது. கிளைக்கால் ஈரத்தைச் சுமந்துகொண்டு அடியில் வந்து சேர்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. ஈரமில்லாத கிளைக்காலுக்கு ஆங்கிலத்தில் 'லீன்' என்று பெயர், அதாவது மெலிந்தது. ஈரம் சுமந்து வருவதற்கு 'ரிச்', அதாவது பணக்காரர். இந்த ஊரில் ஏழைக்குத்தான் மதிப்பு. பணக்காரரைப் பிடித்து அடுப்பில் வைத்துவிடுகிறார்கள்!

அடுப்புக்குப் போகும் முன் சில சில்லறை வேலைகள் உண்டு. கிளைக்கால் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை, கொஞ்சம் மீத்தேனையும் சேர்த்து விழுங்கிவிடும். அழுத்தத்தைக் குறைத்து அதை வெளியே விட ஃபிளாஷ் டேங்க் என்று ஒரு கலன். அழுக்கை வடிகட்ட ஃபில்டர்கள். பிறகு ரீபாய்லர் என்ற அடுப்பு. அங்கே 200 டிகிரி வரை சூடாகும்போது தண்ணீர் ஆவியாகி மேலே போகும். மிச்சம் நிற்பது ஏறத்தாழ 98.7 சதவீதம் சுத்தமான கிளைக்கால். அதைக் குளிரவைத்துப் பம்ப் மூலம் மறுபடி கோபுரத்தின் உச்சிக்கு அனுப்புவார்கள். இப்படி இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு காய வைத்தால் போதும்? அமெரிக்காவில் 10 லட்சம் கன அடி வாயுவில் 7 பவுண்டு தண்ணீருக்கு மேல் கூடாது என்பது பரவலான ஒப்பந்த அளவு. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 112 மில்லிகிராம். குளிர் அதிகமான கனடாவில் 4 பவுண்டுதான், அதாவது சுமார் 65 மில்லிகிராம். ஆரம்பத்தில் இருந்த 1 கிராமில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ தண்ணீரை எடுக்க ஏறத்தாழ 25 லிட்டர் கிளைக்கால் கோபுரத்தின் வழியாகப் போக வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. மேலே சொன்ன 10 லட்சம் கன மீட்டர் நிலையத்தில் தினமும் சுமார் 890 கிலோ தண்ணீரை எடுக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 22,000 லிட்டருக்கு மேல் வரும். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். இந்த 15ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வவுச்சர் எழுதலாமா?

இனி கணக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

இந்த நிலையத்தைக் கட்டக் காசு வேண்டும். கிளைக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதை நிரப்பக் காசு வேண்டும். ரீபாய்லரை எரிக்க எரிபொருள் வேண்டும் (பெரும்பாலும் விற்க வேண்டிய அதே எரிவாயுதான்). ஃபில்டர் மாற்ற வேண்டும். ஆள் சம்பளம். எல்லாம் டெபிட் பக்கம்.

கிரெடிட் பக்கம் என்ன வரும்? தண்ணீர் ஆவி. அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

எண்ணெய்க் கிணறு வருமானம் தரும். கம்ப்ரெஸர் வாயுவைத் தள்ளிக்கொண்டு போய் வாடிக்கையாளரிடம் சேர்க்கும். கிளைக்கால் நிலையம் மட்டும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதைத்தான் உற்பத்தி செய்கிறது. குழாய் அடைக்கவில்லை, அரிக்கவில்லை, வெடிக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது.

செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மேலாளர் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது இப்படிப்பட்ட இடம்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் தாளில் செலவு மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு குழாயை 30 வருடம் உழைக்கும் என்று வைத்து நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால், எல்லா வருடமும் ஒரே தொகை குறையும். முதல் மீட்டருக்கும் கடைசி மீட்டருக்கும் ஒரே தேய்மானம். புத்தகம் அழகாக இருக்கும். ஆனால் குழாய்க்கு அந்தப் புத்தகம் தெரியாதே! தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அது வேகமாகத் தேயும். காய்ந்த மேட்டில் தேயவே தேயாது. சராசரி போட்டால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழாய் சராசரியில் உடைவதில்லை. மிக மெலிந்த ஓரிடத்தில்தான் உடைகிறது.

கார்ல்ஸ்பாட், 2000

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊர். அதன் அருகே பெக்கோஸ் ஆற்றைக் கடந்து எல் பாசோ நேச்சுரல் கேஸ் நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய் போகிறது. 1950இல் போட்டது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, விடிகாலை. ஒரு பெரிய குடும்பம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்க, விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள்.

குழாய் உடைந்தது. வாயு தீப்பிடித்து 55 நிமிடம் எரிந்தது. குழந்தைகள் உட்பட அந்தக் குடும்பத்தின் 12 பேர் இறந்துபோனார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2003இல் அறிக்கை கொடுத்தது. குழாயின் உட்பக்கம் அரித்திருந்தது. தாழ்வான ஓரிடத்தில் தண்ணீரும் மற்ற அசுத்தங்களும் தேங்கியிருந்தன. சுவரின் தடிமனில் அதிகபட்சமாக 72 சதவீதம் காணாமல் போயிருந்தது. குழாயின் அந்தப் பகுதியைச் சுத்தப்படுத்தும் 'பிக்' கருவியை உள்ளே விட வழியில்லை. திரவத்தைப் பிடித்து வைக்க அருகில் போட்டிருந்த சேகரிப்புக் குழாயும் கறுப்பு அழுக்கால் பெரும்பகுதி அடைத்திருந்தது. உள் அரிப்பைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ நிறுவனத்தின் ஏற்பாடுகள் தவறிவிட்டன என்பது வாரியத்தின் முடிவு.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் வெள்ளமாக வரவில்லை என்பது. எப்போதாவது கொஞ்சம், எப்போதாவது கொஞ்சம் என்று வந்து பள்ளத்தில் சேர்ந்ததுதான் 50 வருடக் குழாயைத் தின்றது.

நகரம், 2014

அமெரிக்காவை விட்டு ஆந்திராவுக்கு வரலாம். கோதாவரி டெல்டாவில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நகரம் என்று ஒரு கிராமம். பெயர்தான் நகரம். அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்தது, 2022இல் மாவட்டங்களைப் பிரித்த பிறகு கோனசீமா மாவட்டம். பக்கத்தில் தாட்டிபாக்கா. அங்கிருந்து விஜயவாடா பக்கம் கொண்டபள்ளி மின் நிலையத்துக்கு வாயு கொண்டுபோகும் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் இந்தக் கிராமத்தின் வழியாகத்தான் போனது.

2014 ஜூன் 27, விடிகாலை. குழாயிலிருந்து வாயு கசிந்து பரவியது. தீப்பிடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் தென்னை மரங்களும் கருகி நின்ற படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன.

பெட்ரோலிய அமைச்சகம் விசாரணைக் குழு போட்டது. தெரியவந்தது இதுதான்: அந்தக் குழாய் காய்ந்த வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் போனதோ ஈரமான வாயு. ஈரத்தை எடுக்கும் டீஹைட்ரேஷன் யூனிட் போடப்படவில்லை. தண்ணீரும் மற்ற அசுத்தங்களும் சேர்ந்து குழாயை உள்ளிருந்து அரித்துவிட்டன.

கார்ல்ஸ்பாட்டில் குழாய்க்குள் சேர்ந்த தண்ணீரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நகரத்திலோ தண்ணீரை எடுக்கும் யூனிட்டே இல்லை.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் ஒரு மரபு இருக்கிறது. வரப்போகும் நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கீடு செய், வராத லாபத்தை எழுதாதே. கன்சர்வேட்டிசம் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியில் எழுதிவிட்டுப் போகிறோமே என்று மாணவர்கள் யாரும் அதை மதிப்பதில்லை. ஆனால் ஈரமான வாயு காய்ந்த வாயுக்கான குழாயில் ஓடிய ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு நஷ்டம் உருவாகிக்கொண்டிருந்தது. ஒதுக்கீடு எதுவும் செய்யாத நஷ்டம். யூனிட் போடாமல் மிச்சம் பிடித்த பணம் அந்தந்த வருடத்துச் செலவுக் கணக்கில் குறைவாகக் காட்டியிருக்கும். அது மிச்சமில்லை, கடன். கடனை வாங்கியது ஒருவர், வட்டியோடு திருப்பிக் கட்டியது அந்தக் கிராமம்.

விற்பவர் தண்ணீரை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா, வாங்குபவர் வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ள வேண்டுமா? வியாபாரத்தில் இரண்டுமே நியாயம்தான். விலையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் எடுத்தாக வேண்டும் என்பது மட்டும் பேச்சுக்கு இடமில்லாதது. ஏனென்றால் குழாய்ப் பாதையில் வீடு கட்டி இருப்பவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. பொருளாதார வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று சொல்லித்தருவது இதைத்தான். இரண்டு பேர் செய்யும் வியாபாரத்தில் மூன்றாவது ஆள் செலவு செய்வது.

அதிகமானாலும் ஆபத்து

சரி, யூனிட் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததா? அங்கேதான் கதையில் இன்னொரு திருப்பம்.

அந்த நிமிடத்துக்கு 15 லிட்டர் கணக்கை இப்போது எடுக்கலாம். எரிவாயு வயல் எப்போதும் ஒரே அளவு கொடுக்காது. வருடம் ஆக ஆகக் குறையும். பத்து லட்சம் கன மீட்டர் ஐந்து லட்சமாகக் குறைந்தால், தண்ணீரும் பாதியாகும். 7.5 லிட்டர் கிளைக்கால் போதும். ஆனால் பம்ப் பழைய 15லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இது கற்பனை இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிவாயு நிறுவனங்களோடு சேர்ந்து 1993இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பார்த்தபோது பல நிலையங்கள் தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு கிளைக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் வாயு கூடுதலாகக் காய்ந்ததா என்றால் பெரிதாக இல்லை. எரிபொருள் கூடுதலாகச் செலவானது. கிளைக்கால் விழுங்கிய மீத்தேன் கூடுதலாகக் காற்றில் போனது.

மீத்தேன் மட்டும் போனால்கூட பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. கூடவே பென்சீனும் போகிறது. எரிவாயுவில் கொஞ்சமாக இருக்கும் பென்சீனைக் கிளைக்கால் ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும். ரீபாய்லரில் சூடாகும்போது தண்ணீர் ஆவியோடு சேர்த்து வெளியே விட்டுவிடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் குழாயிலிருந்து வெறும் நீராவி போவது போலத்தான் இருக்கும். அமெரிக்காவில் 1999இல்தான் இதற்கு மத்திய அரசின் விதி வந்தது. ஆண்டுக்குச் சுமார் 900 கிலோவுக்கு மேல் பென்சீன் விடும் பெரிய யூனிட்டுகள் அதைப் பிடித்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள்.

ஏன் யாரும் பம்ப்பைக் குறைக்கவில்லை? இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள். கிளைக்காலைக் குறைத்து, வாயுவில் ஈரம் அளவுக்கு மேல் போய்விட்டால், வாங்கும் கம்பெனி வால்வை மூடிவிடும். காலையில் மேலதிகாரி கூப்பிடுவார். கூடுதலாகச் சுற்றினால்? யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் தண்டனை, இன்னொரு பக்கம் மௌனம். புத்தியுள்ள எந்த மனிதனும் பம்ப்பை அப்படியே ஓடவிட்டுத் தூங்கத்தான் போவான்.

ஆக, நகரத்தில் தண்ணீரை எடுக்காததற்கும், அங்கே தேவைக்கு மேல் கிளைக்காலைச் சுற்றியதற்கும் வேர் ஒன்றுதான். அடுத்தவர் தலையில் விழும் செலவு எவர் தாளிலும் வரவில்லை. தாளில் வராததை யாரும் குறைக்கவும் மாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

நல்ல செய்தி என்னவென்றால், இதில் பாதிக்கு மேல் காசு கொட்டி வாங்கும் தொழில்நுட்பம் தேவையில்லை. வாயு குறைந்தால் பம்ப்பையும் குறைப்பதற்குக் கால்குலேட்டர் போதும். ஃபிளாஷ் டேங்க் இல்லாத இடத்தில் அதைப் போட்டால், வீணாகும் மீத்தேனைப் பிடித்து ரீபாய்லருக்கே எரிபொருளாகக் கொடுக்கலாம். இப்படிப்பட்ட மாற்றங்கள் போட்ட காசைச் சீக்கிரமே திருப்பித் தருகின்றன என்பதுதான் அந்த அமெரிக்கத் திட்டத்தில் கண்ட அனுபவம். எல்லோரும் தாங்களாகவே செய்திருக்க வேண்டிய லாபகரமான வேலை. ஆனாலும் வெளியிலிருந்து ஒருவர் வந்து எண்ணிக் காட்டிய பிறகுதான் செய்தார்கள்.

எண்ணுவதுதான் முதல் படி. வாயுவில் எத்தனை மில்லிகிராம் தண்ணீர் போகிறது என்று எண்ண வேண்டும். குழாயின் பள்ளத்தில் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். எத்தனை லிட்டர் கிளைக்கால் சுற்றுகிறது, எத்தனை லிட்டர் தேவை என்று எண்ண வேண்டும். அந்த எண்கள் இன்ஜினியர் அறையில் மட்டும் இருந்தால் போதாது. பட்ஜெட் போடுகிற மேசைக்கு வர வேண்டும்.

அந்த மேசையில் நாளைக்கு உட்காரப்போவது யார்? காமர்ஸ் படித்தவர்கள்தான். ஒருநாள் ஏதோ ஒரு கம்பெனியின் செலவுப் பட்டியலில் 'டீஹைட்ரேஷன் யூனிட், பராமரிப்பு' என்று ஒரு வரி வரும். எதிரில் வருமானம் எதுவும் இருக்காது. சிவப்புப் பேனாவால் அடிக்கக் கை போகும். அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தக் குழாய் எந்த ஊர் வழியாகப் போகிறது?